அமாவாசையில் வந்த விமானம்

ஜனவரி 18, ஞாயிறு

இன்று காலை நம்மூர் ஏர்போர்ட்டில் இறங்கிய முதல் பெரிய விமானத்தின் இடது எஞ்சினுக்குள் காகம் புகுந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடி நின்றது. அதோடு சரி, திரும்ப எழும்பவில்லை.

இதுவரை இங்கே வந்ததெல்லாம் காற்றாடி வைத்த சின்ன விமானம். அதில் என் நண்டுப் பெட்டிகளுக்கு இடம் கிடையாது. ஓடுபாதையை நீட்டிப் பெரியது வந்தால்தான் வயிற்றில் சரக்கு ஏறும். அதற்காக வர்த்தக சங்கத்தின் பேரில் நான் ஏறாத ஆபீஸ் இல்லை. எந்த நாளில் தொடங்கலாம் என்று விமானக் கம்பெனி கேட்டபோது தை அமாவாசை என்று சொன்னதும் நான்தான். தை மாதம், நிறைந்த அமாவாசை, புது வியாபாரம் தொடங்க வேறென்ன நாள் வேண்டும்.

தை அமாவாசைக்கு ஊரே கடலில் முழுகி, தர்ப்பணம் கொடுத்து, காகத்துக்குச் சோறு வைக்கும் என்பது அங்கே மாலையோடு நின்ற எந்த மண்டைக்கும் உறைக்கவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான். ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டிக் கீழமணல்விளை. விமானம் அந்த ஊருக்கு மேலாகத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வீடு மாடியில் இலை. நாதஸ்வரத்தை மீறி ‘கா கா’ என்று பெண்கள் கூப்பிடுவது எங்களுக்கே கேட்டது. விமானச் சத்தத்தில் அவ்வளவு காகங்களும் ஒன்றாகக் கிளம்பின.

சென்னை வழியாகச் சிங்கப்பூர் போக வேண்டிய பெட்டிகள் குடோனில் நிற்கின்றன. உயிர் நண்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. பழையபடி வேனில் திருவனந்தபுரத்துக்கு ஏற்றிவிட்டேன். டிரைவர் செல்லப்பா. பக்கத்தில் என் மருமகள் வடிவு. வழியில் பெட்டி மேல் போட்ட ஈரச் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கவும், அங்கே காகிதங்களில் கையெழுத்துப் போடவும் வீட்டு ஆள் ஒருவர் போயாக வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

வேன் போய்ச் சேர்ந்தது என்று வடிவு போன் செய்தாள். அதன்பிறகுதான் பல் தேய்த்தேன்.

ஜனவரி 21, புதன்

ஏர்போர்ட் மேனேஜர் திருமூர்த்தி சார் கூப்பிட்டிருந்தார். உடுமலைப்பேட்டைக்காரர். காப்பி கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. தேதி குறிச்சது யாருங்க?” என்றார்.

“சங்கம் சார்.”

“சங்கம்னா?”

“நான்தான்.”

“சரிங்க. உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. எங்க அப்பாவுக்கு நானும் அன்னிக்குக் காலைல குவார்ட்டர்ஸ் மாடில சோறு வெச்சுட்டுத்தான் மாலை போட வந்தேனுங்க. எனக்கும் தோணலை. மேல எழுதுறப்ப அதை எழுத முடியுங்களா?”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் கேமரா படத்தைப் போட்டுக் காட்டினார். மணல்விளையில் இருந்து கறுப்பாகக் கிளம்புகிறது. அதைவிடக் கறுப்பாக ஓர் இடத்தில் இருந்து. நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த மாடி. வேலியை ஒட்டியது.

“அது உங்க குடோன்தானுங்களே?”

“ஆமா சார். செத்த நண்டை மேல போடுவோம். காக்கா தின்னுட்டுப் போயிரும். குழி வெட்டுற கூலி மிச்சம்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

கம்பெனி சேவையை நிறுத்திவிட்டது. மறுபடி எப்போது என்று சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் உப்பங்கழியில் இருந்து சரக்கு வந்தது. நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கினால் உள்ளே தண்ணீர், அமுங்காவிட்டால் சதை. இந்த விரலை வைத்துத்தான் நான் ஆளானேன். இன்று இரண்டு முறை அமுங்கிய நண்டை நல்ல பக்கம் போட்டுவிட்டேன். கொடுக்குக் கட்டுகிற பெண்கள் எடுத்து மாற்றி வைத்தார்கள்.

செல்லப்பா வந்து நின்றான். மகன் துரை இருந்தபோது வேனை அவனே ஓட்டுவான். செல்லப்பா அப்போது பெட்டி ஏற்றுகிறவன்.

“அண்ணாச்சி, எனக்கு ராத்திரில கண்ணு சரியா தெரியல.”

“இத்தனை நாள் தெரிஞ்சுதே?”

“ஆரல்வாய்மொழி வரைக்கும் தெரியுது அண்ணாச்சி. அந்த வளைவு வந்தா தெரிய மாட்டேங்குது.”

 கணக்கைத் தீர்த்து அனுப்பினேன்.

வேறு டிரைவருக்கு நாலு பேரிடம் சொன்னேன். எல்லாருக்கும் பகலில்தான் ஓட்ட வேண்டுமாம். பகல் வெயிலில் நண்டு போனால் போய்ச் சேருவது நாற்றம்தான். வடிவு டிபன் வைத்தபடி சொன்னாள்:

“லைசென்ஸ் என்கிட்ட இருக்கு மாமா.”

“பாரம் ஏத்தின வண்டி உனக்குப் பழக்கமில்ல தாயி.”

“பாரத்தை வண்டிதான தூக்குது. நானா தூக்குதேன்.”

வேறு ஆள் கிடைக்கும்வரை என்று ஒப்புக்கொண்டேன். பெட்டிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

ஜனவரி 28, புதன்

காகத்தை விரட்டச் செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். திருமூர்த்தி சாரிடம் அனுமதி வாங்கி வேலியோரம் மூன்று கம்புகளில் கட்டினேன். அதைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்துக் காகமெல்லாம் இழவு வீட்டுக்கு வருவதுபோலத் துஷ்டி கேட்க வந்துவிட்டது. வேலி முழுக்க உட்கார்ந்து ஒரே கரைச்சல். அவர் போனில், “அண்ணாச்சி, தயவுசெஞ்சு அவுத்துருங்க” என்றார். அவிழ்த்துவிட்டேன். வெடி போட்டுப் பார்த்தோம். முதல் நாள் பறந்தன. மறுநாள் வெடி போடுகிறவனின் டிபன் பாக்ஸ் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன.

வடிவு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஜனவரி 31, சனி

கம்பெனியின் முடிவு வந்துவிட்டது. பிப்ரவரி 17 மாசி அமாவாசை. அன்றைக்கே பயணிகள் இல்லாமல் ஒரு விமானத்தை அனுப்புவார்கள். பகல் பதினொரு மணி வாக்கில் இறங்கும். கண்ட்ரோல் டவரில் அவர்கள் ஆள் ஒருவர் பைனாகுலரோடு நிற்பார். விமானம் இறங்கி நிற்கும்வரை பாதைக்கு மேலே காகக் கூட்டம் எழும்பாவிட்டால் 20ஆம் தேதியில் இருந்து தினமும் சேவை. எழும்பினால் அந்த விமானத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்ற நாளில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, மோசமான நாளில்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

ஆக, மணல்விளை முழுக்க அன்று சோற்றை நிறுத்தி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மணல்விளை ஊராட்சித் தலைவர் சண்முகக்கனியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. நாற்காலி மட்டும் போடச் சொன்னாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாள், சில மணி நேரம். ஊர்ப் பொதுவுக்கு அரிசி மூட்டை இறக்குகிறேன், கோயிலுக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்றேன்.

“விலை பேச வந்திருக்கியளா அண்ணாச்சி?”

“உதவி கேட்டு வந்திருக்கேன்.”

“ரன்வே நீட்டுதோம்னு எங்க சுடுகாட்டுப் பாதையை உள்ள இழுத்து வேலி போட்டான். சரி, பக்கத்துல தரிசு கிடக்கு, அது வழியா தூக்கிட்டுப் போவோம்னு பாத்தோம். அதையும் ஒருத்தர் வாங்கி மதில் கட்டி நண்டு குடோன் போட்டுட்டாரு. ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பத்திரத்துல பாதைன்னு ஒண்ணு இல்ல கனி. நான் பாத்துத்தான் வாங்கினேன்.”

“பாடைக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி.” முறத்தைத் தட்டினாள். “செத்தவங்களை உப்பளம் வழியா ஊரைச் சுத்த வச்சிய. இப்ப பட்டினியும் போடணுமா?”

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த இடத்தை நான் வாங்கியது சட்டப்படிதான். வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கியிருப்பான்.

பிப்ரவரி 7, சனி

காலையில் வடிவின் போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஆரல்வாய்மொழி டீக்கடையில் இருந்து யாரோ ஓர் ஆள் பேசினான். “சுயம்புலிங்கம் அண்ணாச்சிங்களா” என்று கேட்டான். அந்த ஊரில் இருந்து என் பேரைக் கேட்டு முன்பும் ஒரு போன் வந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

பின் டயர் வெடித்திருக்கிறது. வேன் தடுப்புச் சுவரில் உரசி நின்றிருக்கிறது. இவள் போன் எங்கோ விழுந்து நொறுங்கிவிட்டது. ஆளுக்கு நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். ஆனால் திருவனந்தபுரத்து விமானம் தவறிவிட்டது. சரக்கு அவ்வளவும் நாசம். இந்த மாதத்தில் இதுதான் பெரிய நஷ்டம்.

பேத்தி ஸ்கூல் விட்டு வந்து அம்மா எங்கே என்று கேட்டாள். வண்டியில் வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். கேட்டு அழுத பிள்ளை இல்லை அவள். இன்று அழுதாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வடிவு ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. குடோனுக்கு வந்துவிட்டாள். நான் மாடியில் இருந்தேன். படி ஏறி வந்து பக்கத்தில் நின்றாள். காகங்கள் தின்றுகொண்டிருந்தன.

“மாமா, ஊர்க்காரங்களைக் கேக்குததுக்கு முன்னால இந்த மாடியை நிறுத்துங்க.”

“இது கழிவு தாயி. கழிவை எங்கயாவது போடணும்லா.”

“கழிவுக்கு யாரு மாமா உப்புப் போட்டு அவிப்பா?”

நான் தண்ணீர்த்தொட்டியின் மூடியைச் சரி செய்தேன்.

“ஓட்டை உடைச்சு, சதையைத் தனியா எடுத்து, இலை போட்டு வைக்கிய. தினமும் பாக்கேன். கட்டுற பொம்பளையளுக்கும் தெரியும்.” காகங்களைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்க மவனுக்கு நண்டு ஆகாது மாமா. தின்னா தடிச்சுப் போகும். உங்களுக்கு ஞாபகம் இல்லையா?”

ஞாபகம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். நண்டு அவித்த சட்டியைக் கீழே கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்தேன். பிறகு இரண்டு ஆட்களை விட்டுப் பின்னால் குழி வெட்டச் சொன்னேன். அதற்கான கூலி பெரிய தொகை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மாடி காலி. காகங்கள் தண்ணீர்த்தொட்டியின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்துகின்றன. ஒன்று கைப்பிடிச் சுவர் வரை வந்தது. போ என்று சொல்ல முடியவில்லை. கீழே இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடி சண்முகக்கனி வீடு. இம்முறை அரிசி மூட்டையைப் பற்றிப் பேசவில்லை.

“எந்த மூஞ்சியோட வந்திருக்கியன்னு கேக்க மாட்டேன்,” என்றாள். “உங்க மவன் காரியத்துக்கு மணல்விளையில இருந்து அத்தனை பேரும் வந்தோம். உங்க மதிலைச் சுத்தித்தான் வந்தோம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. இப்ப என்ன?”

“விமானம் நின்னு போனா மருமவ அந்த ரோட்டுலதான் போவா கனி. நான் சொன்னா கேக்க மாட்டா. வியாபாரத்தை நிறுத்துதேன்னு சொன்னாலும், தனியா வேனை எடுத்துட்டு அவ போவா. துரை போன அதே ரோடு.”

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சங்கத்தில் சொன்னதில்லை, கலெக்டரிடம் கொடுத்த மனுவிலும் இல்லை. அவள் கையில் இருந்த உளுந்து முறத்தைக் கீழே வைத்தாள்.

“மதிலுல வாசல் வைப்பியளா?”

“வைக்கேன். எவர் வீட்டுப் பிணம் வந்தாலும் திறந்து விடுதேன்.”

“நண்டு கட்டுத இடத்துக்கு நடுவுல பாடை போகும். வெளிநாட்டுக்குப் போற சரக்கு, தீட்டு அது இதுன்னு சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டேன்.”

உள்ளே போய் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசினாள். திரும்பி வந்து சொன்னாள். மாசி அமாவாசைக்கு இலையெல்லாம் போட்டுத் தயாராக வைப்பார்கள். யாரும் காகத்தைக் கூப்பிட மாட்டார்கள். விமானம் நின்ற பிறகு அம்மன் கோயில் மணி அடிக்க வேண்டும். மணிக்குப் பிறகு சோறு. ஆனால் உச்சிப் பொழுது வரைதான். காகம் தின்னாமல் வீட்டில் யாரும் வாயில் தண்ணீர்கூட விட மாட்டார்கள், அதற்கு மேல் முடியாது.

மணி அடிக்கும் வேலை எனக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேன் இரண்டு தடவை போய் வந்தது. வடிவுதான் ஓட்டினாள். டயர் நான்கும் புதிது போட்டேன். திருமூர்த்தி சாரிடம் மணல்விளை ஏற்பாட்டைச் சொன்னேன். “இதை எந்த ஃபைல்லங்க எழுதறது” என்றார். எழுதாமலே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பத்தரைக்கே கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். மணிக்கயிறு தலைக்கு மேலே தொங்கியது. சொன்ன சொல்லை மணல்விளை காப்பாற்றியது. மாடிக்கு மாடி இலை போட்டுச் சோற்றைக் கூடையால் மூடி, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குரல் எழும்பவில்லை. காகங்களுக்கும் நாள் தெரிந்திருந்தது. கைப்பிடிச் சுவர்களில் வந்து வரிசையாக உட்கார்ந்து கூடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

பதினொன்று ஆனது. விமானத்தைக் காணோம். திருமூர்த்தி சாருக்குப் போன் போட்டேன்.

“சென்னைல பனிமூட்டமாமுங்க அண்ணாச்சி. இன்னும் கிளம்பலை.”

“கிளம்புமா?”

“கிளம்புமுங்க. எப்பன்னு கேக்காதீங்க.”

பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். கோயில் படியில் இருந்த ஒரு பெரியவர், “எங்க அப்பன் உசிரோட இருக்கும்போதே பசி பொறுக்க மாட்டான். செத்த பொறவு பொறுப்பானா அண்ணாச்சி?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் வாய் வறண்டிருந்தது. எனக்கும்தான்.

உச்சிக்குச் சண்முகக்கனி கோயிலுக்கு வந்தாள். பின்னால் பத்திருபது பெண்கள்.

“நேரம் ஆச்சு அண்ணாச்சி. சொன்ன சொல்லு அவ்வளவுதான்.”

“இப்பத்தான் கிளம்பியிருக்குன்னு போன் வந்துச்சு. இன்னும் ஒரு மணி நேரம் கனி.”

“ஊரு மயங்கிக் கிடக்கு.”

“பைனாகுலர் வச்சுக்கிட்டு அங்க நிக்கான். இப்ப கூடையைத் திறந்தா எல்லாம் போச்சு.” எழுந்து நின்றேன். வியாபாரம் பேச நான் எழுந்து நின்றதில்லை. “வேன் சாவியை மருமவ இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கா. இன்னைக்கு ராத்திரியும் போவா. உன் காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கேன்.”

“காலெல்லாம் வேண்டாம். வாசல் வைக்கேன்னு சொன்னிய. நாளைக்கு நீங்க கண்ணை மூடினா உங்க ஆளுக பூட்டிட்டுப் போயிருவாங்க. பாதையைப் பத்திரமா எழுதிக் குடுங்க.”

“தாரேன்.”

“எத்தனை அடி?”

“ஆறு.”

அந்த நேரத்திலும் ஆறு என்றுதான் வாய் சொன்னது. என் பிழைப்பு அப்படி.

“பாடைக்கு ரெண்டு பக்கமும் தோள் குடுக்கணும், முன்னால தீச்சட்டி, பின்னால சனம். பத்தடி.”

“எட்டு.”

அவள் என்னிடம் பதில் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, “கூடையை எடுங்கடி” என்றாள்.

“பத்து,” என்றேன். “பத்து, கனி.”

கையைக் காட்டி நிறுத்தினாள். எல்லாரும் அப்படியே படியில் உட்கார்ந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க மாடியில என்ன செஞ்சிய?” என்று கேட்டாள்.

“ஒழிச்சாச்சு.”

“அப்ப துரைக்கு?”

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

ஒரு மணியும் தாண்டித்தான் சத்தம் கேட்டது. வீடுகளுக்கு மேலே அடிவயிறு தெரிய இறங்கியது. காகங்கள் எழும்பிப் பக்கத்துச் சுவருக்கு மாறி உட்கார்ந்தன, கூடையை விட்டுப் போக மனமில்லாமல். ஓடுபாதைக்கு மேலே ஒன்றும் இல்லை. வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. எஞ்சின் ஓயும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருமூர்த்தி சார் போனில், “நின்னுருச்சுங்க” என்றார். அடித்தேன். எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. சண்முகக்கனி வந்து கையைப் பிடித்து, “போதும், காக்கா வரட்டும்” என்றாள்.

கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார். 20ஆம் தேதியில் இருந்து தினமும். வடிவு வேன் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டினாள்.

மணல்விளையோடு முடிந்த பேச்சு இது. என் காம்பவுண்டின் குறுக்கே, ஊர் எல்லையில் இருந்து சுடுகாட்டு எல்லை வரை பத்தடி அகலப் பாதை. மாசி முடிவதற்குள் ஊராட்சியின் பேருக்குப் பத்திரம். பதிவுச் செலவு என்னுடையது. பாடை போகும்போது பெட்டி கட்டும் வேலை நிற்கும். அமாவாசைதோறும் விமானம் இறங்கி மணி அடித்த பிறகே அங்கே சோறு. விமானம் பிந்தினால் ஊர் காத்திருக்கும், நானும் பட்டினியோடு அவர்களுடன் காத்திருக்க வேண்டும். என் மாடியில் இலை கிடையாது. துரைக்கு அவர்கள் வைப்பார்கள்.